பெஸ்ட் வகை மாற்று கோர் பூட்டு: நிர்வாகத்துக்கு மிக நல்லது, வெளிக்கதவுக்குப் போதாது

அமெரிக்காவில் பல்கலைக்கழக விடுதி, மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகம் என்று எங்கே போனாலும், கதவுப் பூட்டின் நடுவில் 8 வடிவத்தில் ஒரு சிறிய உலோக முகத்தைப் பார்க்கலாம். அதுதான் சிறு வடிவ மாற்று கோர். கதவையோ கைப்பிடியையோ கழற்றாமல், பூட்டின் உயிர்ப்பகுதியை மட்டும் ஒரு தனிச் சாவியால் உருவி எடுத்து, வேறொன்றைச் செருகிவிடலாம் என்பதே இதன் சிறப்பு. நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் கட்டடத்தில் கீழ்த்தளம் அலுவலகங்கள், மேல்தளங்கள் வாடகை வீடுகள். எல்லாக் கதவுகளிலும் இந்த வகைக் கோர்களே இருக்கின்றன. அவற்றில் சில பெஸ்ட் நிறுவனத்தின் அசல். சில மற்ற நிறுவனங்கள் அதே அளவில் செய்தவை. சில காப்புரிமை பெற்ற தனிச் சாவி வகையைச் சேர்ந்தவை. இவற்றை நாள்தோறும் கையாளும் ஒருவரின் மதிப்பீடாக இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவி நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான இயந்திரப் பூட்டை நான் கண்டதில்லை. ஆனால் அந்த வசதி எங்கிருந்து பிறக்கிறதோ அங்கிருந்தே இதன் பலவீனமும் பிறக்கிறது. எந்த நிறுவனத்தின் கோரும் எந்தப் பூட்டுக்கும் பொருந்தும், எந்தக் கடையிலும் பிளாங்க் எனப்படும் வெட்டப்படாத சாவி கிடைக்கும் என்ற நிலை, வாங்குபவருக்கு எவ்வளவு நன்மையோ திருட நினைப்பவருக்கும் அவ்வளவு நன்மை. உள்ளே செருகிய சாவியைத் தட்டிப் பூட்டைத் திறக்கும் பம்பிங் தாக்குதலைப் பற்றிய பேச்சும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

இந்த அமைப்பை உருவாக்கியவர் ஃபிராங்க் பெஸ்ட். 1920-களில் சியாட்டில் நகரில் தொடங்கிய அவருடைய நிறுவனம் பிறகு இண்டியானாபொலிஸுக்கு இடம்பெயர்ந்து, அமெரிக்க நிறுவனக் கட்டடங்களின் பூட்டுப் பழக்கத்தையே மாற்றியது. 2002-இல் ஸ்டான்லி நிறுவனம் அதை வாங்கியது. 2017-இல் டோர்மாகாபா வாங்கியது. இதற்கிடையே கோரின் வடிவத்துக்கும் சாதாரண சாவிப்பள்ளங்களுக்கும் இருந்த காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டதால், ஆரோ, ஃபால்கன், இல்கோ முதலிய பல நிறுவனங்கள் அதே அளவுகளில் கோர்களைச் செய்து விற்கின்றன. ஒரே நிறுவனத்திடம் கட்டுண்டு கிடக்காமல் விலை ஒப்பிட்டு வாங்க முடிவது இதனால்தான்.

கோரைக் கழற்றும் முறையைப் பார்த்தால் இதன் பொறியியல் எவ்வளவு நேர்த்தியானது என்பது விளங்கும். கன்ட்ரோல் சாவி எனப்படும் தனிச் சாவியைச் செருகி வலப்புறம் சுமார் 15 டிகிரி திருப்பினால், கோரின் இடுப்பில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். சாவியைப் பிடித்தபடியே இழுத்தால் கோர் முழுவதும் கையோடு வந்துவிடும். கோரின் பின்பக்கத்தில் இரண்டு துளைகள் தெரியும். பூட்டின் உள்ளே இருக்கும் இரட்டைக் கம்பிகள் அந்தத் துளைகளில்தான் நுழைகின்றன. சாவியைத் திருப்பும்போது அந்தக் கம்பிகளே தாழ்ப்பாளை இயக்குகின்றன. புதிய கோரைச் செருகும்போது இந்தக் கம்பிகள் சற்றுச் சாய்ந்திருந்தால் கோர் கடைசி ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே போகாது. புதிதாக வருபவர்கள் அப்போது கோரைத் தட்டி உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். கம்பிகளைச் சாவிமுனையால் லேசாக நேராக்கினால் போதும், கோர் தானாகவே உட்காரும்.

வாடகைக்கு இருந்தவர் சாவியைத் திருப்பித் தராமல் போய்விட்டார் என்றால், சாதாரணப் பூட்டில் சாவிக்காரரை அழைத்து, அவர் வரும் வரை காத்திருந்து, கதவைத் திறந்துவைத்து வேலை வாங்க வேண்டும். இங்கே அலமாரியில் தயாராக இருக்கும் இன்னொரு கோரை எடுத்துச் சென்று மாற்றிவிட்டு வந்துவிடலாம். கதவின் முன் நிற்கும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. வாசல் கதவு, மின்சார அறை, அலமாரி, நாதாங்கியில் தொங்கும் பூட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் கோர் என்பதால், ஒரே மாஸ்டர் சாவியின் கீழ் முழுக் கட்டடத்தையும் கொண்டுவர முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த அமைப்பைப் பரிந்துரைப்பேன்.

பொருத்தம் என்ற சொல்லை விற்பனையாளர்கள் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோர் பூட்டுக்குள் உட்காருவது ஒரு பொருத்தம். சாவி கோருக்குள் நுழைவது வேறொரு பொருத்தம். நுழைந்த சாவி திருப்புவது மூன்றாவது. விளம்பரங்கள் முதல் பொருத்தத்தைச் சொல்லி மூன்றாவதையும் சொன்னதாக நினைக்க வைக்கின்றன.

முதலாவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கோருக்குள் இருக்கும், சாவியின் வெட்டுகள் தூக்கி நிறுத்தும் சிறு உலோகக் குச்சிகளுக்குப் பின் என்று பெயர். கோர்கள் 6 பின் நீளத்திலும் 7 பின் நீளத்திலும் வருகின்றன. 7 பின்னுக்கான பூட்டு உடலில் 6 பின் கோரையும் வைக்கலாம்; 6 பின்னுக்கான உடலில் 7 பின் கோர் உட்காராது. பழைய கட்டடங்களில் இரண்டும் கலந்து கிடக்கும் என்பதால், வாங்கும் முன் ஒவ்வொரு கதவிலும் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. பெரிய வடிவ மாற்று கோர்கள் முற்றிலும் வேறு கதை. ஷ்லேஜ், சார்ஜென்ட், கார்பின் ரஸ்வின், யேல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவம் உண்டு. ஒன்று மற்றொன்றில் போகாது. மாற்று கோர் என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தவர்களின் கைக்குப் பயன்படாத பெட்டி வந்து சேர்வது இதனால்தான்.

இரண்டாவது பொருத்தம் சாவிப்பள்ளத்தைப் பற்றியது. சாவியின் பக்கங்களில் நீளவாட்டில் ஓடும் பள்ளங்கள், கோரின் வாயில் இருக்கும் மேடுகளோடு ஒத்துப்போக வேண்டும். பெஸ்ட் நிறுவனம் இந்த வடிவங்களுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டு, ஒரு பெரிய குடும்பமாகவே வைத்திருக்கிறது. ஒரு துறைக்கு ஒரு பள்ளம், இன்னொரு துறைக்கு வேறு பள்ளம் என்று பிரித்து, எல்லாவற்றிலும் நுழையக்கூடிய மெல்லிய மாஸ்டர் பிளாங்க்கைத் தனியே வைத்துக்கொள்ள இது உதவுகிறது. பொதுவான பள்ளங்களுக்கான பிளாங்க்குகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நுட்பமானது. சாவியின் வெட்டுகள் எந்த ஆழங்களில் அமைய வேண்டும் என்பதற்கு ஏ2, ஏ3, ஏ4 என்று மூன்று அளவுமுறைகள் உள்ளன. மிகப் பரவலான ஏ2 முறையில் 0 முதல் 9 வரை 10 ஆழங்கள். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.0125 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.32 மில்லிமீட்டர். ஏ3 முறையில் 0.018 அங்குலம் வீதம் 7 ஆழங்கள். ஏ4 முறையில் 0.021 அங்குலம் வீதம் 6 ஆழங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கோர்தான்; ஒரே பிளாங்க்தான் நுழையும். எங்களுக்கு ஒரு கடை முழுப் பொருத்தம் உள்ளது என்று உறுதியளித்து அனுப்பிய கோர்கள், எங்கள் பட்டியல் ஏ2 முறையில் இருக்க, ஏ4 முறையில் பின்கள் நிரப்பப்பட்டு வந்தன. கதவில் அழகாக உட்கார்ந்தன, சாவியும் நுழைந்தது, திரும்பவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டபோது, கோர் பொருந்துகிறதல்லவா என்றே பதில் வந்தது. ஆகவே ஆர்டர் படிவத்தில் அளவுமுறையை எழுத்தில் குறிப்பிட்டு வாங்குங்கள்.

சாவியைக் கூர்ந்து பார்த்தால் இன்னொரு வேறுபாடும் தெரியும். சாதாரண வீட்டுச் சாவியில் தலைக்குச் சற்று முன்னால் தோள் போன்ற ஒரு படி இருக்கும்; அது பூட்டின் முகத்தில் முட்டியவுடன் சாவி நிற்கும். பெஸ்ட் வகைச் சாவிக்குத் தோள் கிடையாது. சாவியின் நுனி கோரின் உட்புறத்தில் முட்டித்தான் நிற்கிறது; வெட்டுகளும் நுனியிலிருந்தே அளக்கப்படுகின்றன; வெட்டு எண்களைப் படிப்பதும் நுனியிலிருந்து தலையை நோக்கித்தான். இது தெரியாமல் தோளை வைத்துப் பிடிக்கும் நகல் இயந்திரத்தில் இந்தச் சாவியை வெட்டித் தரும் கடைகள் உண்டு. அப்படி வெட்டிய சாவியில் வெட்டுகள் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி விழுந்திருக்கும். ஒரு கதவில் திறக்கும், அடுத்ததில் ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியிருக்கும். ஒரு படி 0.32 மில்லிமீட்டர்தான் என்னும்போது, நகலின் நகலை வெட்டுவது எவ்வளவு விரைவில் பிழையைப் பெருக்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பூட்டு பழுதாகிவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை, எண்ணைப் பார்த்துப் புதிதாக வெட்டிய ஒரு சாவியைக் கொடுத்ததும் தீர்ந்துவிடுகின்றன.

பம்பிங்கைப் பற்றிப் பேசும் முன் கோரின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழியிலும் பின்கள் அடுக்காக நிற்கின்றன. அவற்றின் மேல் ஸ்பிரிங், அதன் மேல் பித்தளை மூடி. ஏ2 முறையில் ஒரு குழியின் மொத்த அடுக்கு 23 அலகுகள் என்பது நிலையான விதி. ஒரு குழியில் வீட்டுச் சாவியின் வெட்டு 3, மாஸ்டர் சாவியின் வெட்டு 5, கன்ட்ரோல் சாவியின் வெட்டு 7 என்று வைத்துக்கொள்வோம். அடியில் 3 அளவுப் பின். அதன் மேல் 2 அளவு மாஸ்டர் பின். இரண்டும் சேர்ந்து 5. கன்ட்ரோல் சாவி உள்ளே சுழலும் உருளையை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியிருக்கும் 10 அலகு தடிமனுள்ள ஸ்லீவையும் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்பதால் அதன் கணக்கு 7 கூட்டல் 10, அதாவது 17. ஆகவே அடுத்து வருவது 12 அளவுப் பின். மிச்சமுள்ள 6 மேற்பின். கூட்டிப் பாருங்கள், 23 வரும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. இந்தக் கோரில் அடுக்கு பிரிய வேண்டிய கோடு ஒன்றல்ல, இரண்டு: உருளையின் விளிம்பில் ஒன்று, ஸ்லீவின் விளிம்பில் ஒன்று. கம்பியை விட்டுக் கிண்டித் திறக்க முயல்பவருக்குச் சில பின்கள் ஒரு கோட்டிலும் சில மற்றதிலும் போய் நின்றுவிடுவதால், சாதாரண வீட்டுப் பூட்டைவிட இது கடினம். அதே சமயம், கழற்றிய ஒரே ஒரு கோரைப் பிரித்து அதன் பின்களை அளந்தால், அந்தக் கதவின் சாவி மட்டுமல்ல, முழுக் கட்டடத்துக்குமான கன்ட்ரோல் சாவியின் எண்களும் நேராக வெளிப்பட்டுவிடும். மாஸ்டர் சாவியும் ஏறத்தாழ வெளிப்பட்டதாகவே வைத்துக்கொள்ளலாம். கோரின் அடியில், பின்களை வெளியே தள்ளுவதற்கென்றே துளைகள் உள்ளன. பராமரிப்புக்குச் செய்த வசதி அது. திருடுபோன கோருக்கும் அதே வசதி கிடைக்கும்.

பம்பிங் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தட்டித் திறக்கும் சாவி ஒன்று 1928-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமையில் பதிவாகியிருக்கிறது. நெதர்லாந்தின் பூட்டு ஆர்வலர்களான பேரி வெல்ஸும் ராப் கொங்க்ரைப்பும் 2005-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே பொதுமக்கள் இதைப் பற்றி அறிந்தார்கள். கொள்கை எளிது. எல்லா வெட்டுகளும் மிக ஆழமாக உள்ள ஒரு சாவி உள்ளே இருக்கும்போது அதைத் தட்டினால், அந்த அதிர்வு கீழ்ப்பின்களைத் தாக்கி மேற்பின்களுக்குக் கடத்தப்படுகிறது. கேரம் பலகையில் ஒட்டி நிற்கும் காய்களில் முதலாவதை ஸ்ட்ரைக்கர் அடிக்கும்போது கடைசிக் காய் மட்டும் விலகி ஓடுவதைப் போல, கீழ்ப்பின் நின்ற இடத்தில் நிற்க மேற்பின் எழும்புகிறது. அந்தக் கணத்தில் எல்லாக் குழிகளிலும் இடைவெளி விழுந்தால் உருளை திரும்பிவிடும். பின்னும் ஸ்பிரிங்கும் உள்ள எந்தப் பூட்டும் கொள்கையளவில் இதற்கு ஆளாகக்கூடியதுதான்.

மாற்று கோர்கள் பம்பிங்குக்கு அசையாது என்று சொல்லும் விற்பனையாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் காட்டும் காரணங்களில் ஓரளவு உண்மை உண்டு. தோளில்லாத சாவி என்பதால், தோள் முட்டும் பூட்டுகளுக்குச் செய்யும் ஒரு வகைப் பம்ப் சாவி இங்கே அப்படியே பயன்படாது. இரண்டு பிரிகோடுகள் இருப்பதால், எழும்பும் பின்கள் தவறான கோட்டில் பிரிந்து உருளையைத் தடுக்கவும் கூடும். 7 பின் என்பது 5 பின்னுள்ள வீட்டுப் பூட்டைவிட அதிகம். இத்தனையும் சேர்ந்து தாக்குபவரின் வேலையைக் கடினமாக்கும், இயலாததாக்காது. இந்த வகைக் கோர்கள் தட்டித் திறக்கப்பட்டுக் காட்டப்பட்டிருக்கின்றன. துல்லியமாகச் செய்த கோர் எளிதில் திறக்கும் என்ற முரணும் உண்டு: உரசல் குறைந்து பின்கள் தடையின்றித் துள்ளும்போது பம்பிங்குக்கும் அது உதவுகிறது. விலை உயர்ந்த அசல் கோர் என்பதால் பாதுகாப்பு கூடியது என்ற எண்ணம் இந்த ஒரு தாக்குதலைப் பொறுத்தவரை சரியல்ல. அசல் கோரின் மேன்மை நீடித்த உழைப்பிலும் சீரான திருப்பத்திலும் இருக்கிறது, அதற்காக வாங்குங்கள்.

பம்பிங்கின் கொடுமை, அது வெளிப்பார்வைக்கு எந்தத் தடயத்தையும் விடாமல் நடக்கக்கூடியது என்பதில் இருக்கிறது. கதவு உடையவில்லை, சட்டம் பிளக்கவில்லை. உள்ளே இருந்தவை காணவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் என்ன சொல்வது? கோரைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தால் பின்களில் இயல்பான தேய்மானத்தோடு ஒவ்வாத சிறு குழிவுகள் தென்படலாம் என்று தடயவியல் தெரிந்த பூட்டு வல்லுநர்கள் சொல்கிறார்கள். ஆகவே, சந்தேகத்துக்கிடமான திருட்டு நடந்தால், கோரை உடனே மாற்றுங்கள், ஆனால் பழைய கோரைத் துடைத்துப் பின் நிரப்பி மறுபயன்பாட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உறையில் இட்டு, தேதியெழுதி வையுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, பம்பிங்கைவிட எனக்கு அதிகக் கவலை தருவது எளிதில் நகலாகும் சாவிதான் என்பதையும் சொல்ல வேண்டும். தட்டித் திறக்கத் திறமையும் துணிச்சலும் வேண்டும். கடையில் நகல் எடுக்கச் சில டாலர்கள் போதும். சாவித் தலையில் நகலெடுக்கக் கூடாது என்று முத்திரை குத்தினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர்களின் சங்கமான அலோவா, இந்த முத்திரை பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தருவது என்றே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பிளாங்க் தாராளமாகக் கிடைக்கும் வரை அந்த எழுத்துகள் வேண்டுகோள் மட்டுமே.

மாஸ்டர் சாவி அமைப்பின் உள்ளார்ந்த பலவீனத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரான மாட் பிளேஸ் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு கதவின் சாவியும் அந்தக் கதவும் சில பிளாங்க்குகளும் கையில் இருந்தால், பூட்டைப் பிரிக்காமலேயே முழுக் கட்டடத்தின் மாஸ்டர் சாவியைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று காட்டியது. தொழிலில் இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று சொல்லிப் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் பூட்டை வாங்குபவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதே முக்கியம். என் மனம் அவர் பக்கம்தான். 10 ஆழங்களும் 7 குழிகளும் சேர்ந்து ஒரு கோடிச் சாவிகள் என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். மாஸ்டர் சாவியோடு ஒற்றைக்கு ஒற்றை, இரட்டைக்கு இரட்டை என்று இரண்டு படி இடைவெளியில் அமைக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு குழிக்கும் மிஞ்சுவது 4 ஆழங்கள். 7 குழிகளுக்கு 16,384 சாவிகள். 6 குழிகள் என்றால் 4,096. அதோடு, ஒவ்வொரு குழியிலும் ஒரு மாஸ்டர் பின் இருந்தால் ஒரே கோரை 128 வெவ்வேறு வெட்டு அமைப்புகள் திறக்கும்.

இந்தக் காரணங்களால், வெளிக்கதவுகளுக்குக் காப்புரிமை பெற்ற சாவி வகைகளையே நாங்கள் தேர்ந்தெடுத்தோம். பெஸ்டின் கோர்மேக்ஸ், ஷ்லேஜின் எவரெஸ்ட் 29, மெடிகோவின் எக்ஸ்4 ஆகியவை இந்தச் சிறு வடிவத்திலேயே கிடைக்கின்றன. பழைய பூட்டு உடலை மாற்ற வேண்டியதில்லை. எவரெஸ்ட் 29-இன் பெயரிலுள்ள எண்ணே காப்புரிமை 2029 வரை நீடிப்பதைக் குறிக்கிறது. பிளாங்க் சாவி உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் வரும். கையெழுத்துப் பதிவு இல்லாமல் நகல் தரமாட்டார்கள். இதற்கான கூடுதல் விலை எனக்கு நியாயமாகவே படுகிறது, ஆனால் காப்புரிமை முடியும் ஆண்டைக் கேட்காமல் வாங்குவது வீண். முடிந்த மறுநாளே அது மற்றொரு சாதாரணப் பள்ளமாகிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கத்தை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. கட்டுப்படுத்தப்பட்ட சாவிப்பள்ளம் வெளியாளைத் தடுக்கும்; உள்ளாளைத் தடுக்காது. அந்தக் கட்டடத்தில் ஒரு சேமிப்பறைக்கு முறையாகப் பெற்ற சாவியை வைத்திருப்பவரிடம், அதே பள்ளம் கொண்ட உலோகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆகவே பிளாங்க்கைக் கட்டுப்படுத்துவதும் பம்பிங்கைத் தடுப்பதும் ஒன்றல்ல. பம்பிங்கை உண்மையிலேயே தடுக்க, துள்ளும் பின்களைத் தவிர வேறொரு பூட்டும் உறுப்பு வேண்டும். சுழலும் பின்களோடு, உருளையைப் பக்கவாட்டில் தடுக்கும் பக்கப்பட்டையும் வைத்திருக்கும் மெடிகோவின் உயர்பாதுகாப்பு வகைகள் இதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. ஆனால் அவற்றிலும் பக்கப்பட்டைக்கான குறியீடு கட்டடம் முழுவதும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் பாதுகாப்பு குறைந்துவிடும் என்பதை 2000-களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஆப்லாயின் சுழல்தட்டுப் பூட்டுகளில் ஸ்பிரிங்கால் தள்ளப்படும் பின்களே இல்லை என்பதால் பம்பிங் என்ற கேள்வியே எழுவதில்லை. உயர்பாதுகாப்புப் பூட்டுகளுக்கான அமெரிக்கத் தரச் சான்றான யூஎல் 437 இருக்கிறதா என்று கேட்பது நல்ல பழக்கம்தான், ஆயினும் பம்பிங்கைப் பற்றித் தனியே, எழுத்தில் கேளுங்கள்.

நாள்தோறும் பயன்படுத்துவதில் இந்தக் கோர்கள் மிக நன்றாக உழைக்கின்றன. வாசல் கதவில் இருக்கும் அசல் கோர் உறைபனியையும் கோடை வெயிலையும் தாங்கிச் சீராகத் திரும்புகிறது. மற்ற நிறுவனங்களின் மலிவான கோர்கள் வீட்டு உள்கதவுகளில் குறையொன்றும் வைக்கவில்லை; நெரிசல் மிகுந்த கதவில் வைத்தவற்றில் மட்டும் சாவி சற்று முன்னதாகவே இழுபடத் தொடங்கியது. பின் நிரப்பும்போது மேல் மூடிகளைச் சரியாக அழுத்தாத கோர்களும் மலிவு வகையில் வந்தன. மூடி தளர்ந்தால் ஸ்பிரிங் மேலே வந்து, பூட்டுடலுக்குள்ளேயே கோர் சிக்கிக்கொள்ளும். பெட்டியைத் திறந்தவுடன் ஒவ்வொரு கோரின் மேற்பகுதியையும் விரலால் தடவிப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம்; மேடாகத் தட்டுப்படுவதைக் கதவுக்குக் கொண்டுபோகவே மாட்டோம்.

கன்ட்ரோல் சாவியைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீட்டை முடிக்க முடியாது. பல கட்டடங்களில் அது பராமரிப்பாளரின் இடுப்புக் கொத்தில் மற்றச் சாவிகளோடு தொங்குகிறது. அதை வைத்திருப்பவர் எந்தக் கதவின் கோரையும் உருவி எடுத்துவிட்டு, வெற்றுக் குழிக்குள் ஒரு சாதாரணத் திருப்புளியை விட்டே தாழ்ப்பாளைத் திருப்பலாம். கோரை மீண்டும் வைத்துவிட்டால் யார் வந்து போனார்கள் என்பதற்குச் சான்றே இராது. மாஸ்டர் சாவியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் கன்ட்ரோல் சாவியைக் கொக்கியில் மாட்டி வைக்கும் பழக்கத்தை எங்கே கண்டாலும் நிறுத்தச் சொல்லுங்கள். கழற்றிய கோர்களும் பணத்தைப் போல எண்ணி வைக்கப்பட வேண்டியவை. தொங்கும் பூட்டு ஒன்று தொலைந்துபோனால் அது சில டாலர் நட்டம் என்று கணக்கில் எழுதாதீர்கள். அதனுள்ளே இருந்த கோரோடு கன்ட்ரோல் சாவியின் எண்களும் போய்விட்டன. தெருவை ஒட்டிய வேலிக் கதவுக்கு மாஸ்டர் அமைப்பில் சேராத, தனிக் கன்ட்ரோல் எண் கொண்ட கோரை வைப்பதே சரியான வழி.

புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. 7 பின் பூட்டுடல்களையே எல்லா இடத்திலும் பொருத்துங்கள். வகை மாற்ற வேண்டிய நாளில் கோரை மட்டும் மாற்றலாம். வீட்டின் உள்கதவுகளுக்கும் அலமாரிகளுக்கும் சந்தையில் கிடைக்கும் சாதாரண ஏ2 கோர்கள் போதும். தெருவைப் பார்க்கும் கதவுகள், சாவி அறை, ஆவண அறை, சர்வர் அறை ஆகியவற்றுக்குக் காப்புரிமை நடப்பிலுள்ள, பின்களைத் தவிர இன்னொரு தடையும் கொண்ட கோர்களைக் கேளுங்கள். அவற்றைச் சாதாரணக் கோர்களின் மாஸ்டர் சாவியோடு இணைத்துத் தரச் சொல்லாதீர்கள். விற்பனையாளர் அதை ஒரு குறையாகச் சொல்வார், ஒரே சாவியில் எல்லாம் திறக்குமே என்பார். அந்த ஒரு சாவிக்காகத் தெருக்கதவின் கோரை மலிவாக்கிக்கொள்ள வேண்டாம். பராமரிப்பாளர் இரண்டு சாவிகள் வைத்துக்கொள்வதில் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் சிரமம் ஏற்பட்டதில்லை.